வீட்டில் செடியோடு ஒரு மீன் தொட்டி – முதலில் செடி, அப்புறம் மீன்



கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் வளர்ப்பது என்றால் டவுனில் டாக்டர் கிளினிக்கிலும் நகைக்கடையிலும்தான் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. இப்போது நம்ம ஊர்களிலேயே நிறைய வீடுகளில் தொட்டி வந்துவிட்டது. பிள்ளைகள் அழுது கேட்பார்கள். சந்தைக்குப் போன இடத்தில் ஒரு சின்னத் தொட்டி, ஆறு மீன், ஒரு டப்பா தீனி, கொஞ்சம் கலர் கல், ஒரு பிளாஸ்டிக் செடி என்று வாங்கி வருவோம். அன்று சாயந்திரமே தண்ணீர் ஊற்றி மீனை விட்டுவிடுவோம். மூணாம் நாள் ஒரு மீன் மல்லாந்து மிதக்கும். ஒரு வாரத்தில் தொட்டி காலி. அப்புறம் அந்தத் தொட்டியில் வெங்காயம் கொட்டி வைத்திருப்போம்.

"எங்க வீட்டுக்கு மீன் ராசி இல்லக்கா" என்பார்கள். "கடைக்காரன் சீக்கு மீனைத் தள்ளிவிட்டுட்டான்" என்பார்கள். ராசியும் காரணமில்லை, பெரும்பாலும் கடைக்காரரும் காரணமில்லை. அவசரம்தான் காரணம். செடியை முதலில் நட்டு, நாலு வாரம் பொறுத்து, பிறகு மீனை விட்டால் இந்தச் சாவுகளில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். அதை எப்படிச் செய்வது என்று இந்த மாதம் விவரமாகப் பார்ப்போம்.

மீன் ஏன் சாகிறது?

காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறுமே ஒரு நெடி, அது அம்மோனியா. மாட்டு மூத்திரத்திலிருந்து வருவது. அதே அம்மோனியா மீனிடமிருந்தும் வருகிறது. மீன் தன் செவுள் வழியாக அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் மிச்சமாகிற தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கண்மாயில் தண்ணீர் அதிகம், மீன் குறைவு, அதனால் தெரிவதில்லை. நம்ம தொட்டியில் இருப்பது மூணு குடம் தண்ணீர். அதற்குள்ளேயே மீன் தின்று, அதற்குள்ளேயே கழிவை விட்டு, அதையே சுவாசிக்கவும் வேண்டும். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் மீனின் செவுள் வெந்து போயிருக்கும்.

இயற்கையில் இதற்கு வழி இருக்கிறது. மண்ணிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிற நல்ல கிருமிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு விஷம்தான். இன்னொரு வகைக் கிருமி அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் கிடையாது. தானாகப் பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த 6 வாரத்துக்குள் நாம் விட்ட மீன் செத்துவிடுகிறது. நடப்பது இவ்வளவுதான்.

செடி எங்கே வருகிறது என்றால், பயிருக்கு நாம் யூரியா போடுகிறோம் அல்லவா? அந்த யூரியா மண்ணில் அம்மோனியாவாக மாறித்தான் பயிருக்குப் போகிறது. மீனுக்கு விஷமாக இருப்பது செடிக்கு உரம். தண்ணீருக்குள் வளர்கிற செடிகள் அம்மோனியாவை இலை வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக வளர்கிற செடி நாலு கொத்து இருந்தால் அது வாய் பேசாத வேலையாள் மாதிரி இரவு பகலாகத் தண்ணீரைச் சுத்தம் செய்யும். பிளாஸ்டிக் செடி பார்க்கப் பச்சையாக இருக்கும், வேலை ஒன்றும் செய்யாது.

அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற பெண்மணி இதைப் பற்றி 1999-ல் ஒரு புத்தகமே எழுதினார். அடியில் சாதாரண மண், அதன் மேல் மணல், நிறையச் செடி, கொஞ்சம் மீன், விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பது அவர் முறை. உலகம் முழுக்க வீடுகளில் அந்த முறையில் தொட்டி வைக்கிறார்கள். நாமும் அந்த முறையைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். நமக்கு மண்ணும் பழக்கம், நாற்று நடுவதும் பழக்கம்.

தொட்டியும் இடமும்

முதல் தொட்டிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். இதைவிடச் சின்னது சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய அது கெடுகிற வேகம் கூடும். மேசை மேல் வைக்கிற உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மீனுக்குச் சிறைதான். அதை வாங்கவே வேண்டாம்.

2 அடித் தொட்டியில் மண்ணும் மணலும் போக ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, மண், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 65 கிலோவுக்கு மேல் வரும். ஒரு ஆள் எடை. ஆட்டம் காண்கிற ஸ்டூல் மேல் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் திட்டு, கடப்பைக் கல் அலமாரி, கெட்டியான இரும்பு ஸ்டாண்டு இதில் ஒன்று வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை போட்டால் கண்ணாடி விரிசல் விடாது. தண்ணீர் ஊற்றிய பிறகு தொட்டியை நகர்த்தவே கூடாது.

வெயில் நேராக விழுகிற ஜன்னல் ஓரம் வேண்டாம். பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும், கோடையில் சூடும் ஏறும். அடுப்பங்கரையிலும் வேண்டாம். கொசு மருந்து அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். கொசுவுக்கு அடிக்கிற மருந்து தண்ணீரில் படிந்தால் மீன் தாங்காது.

மண், மணல், தண்ணீர்

யூரியா, டிஏபி, பூச்சி மருந்து எதுவும் படாத மண் வேண்டும். கோடையில் வற்றிக் கிடக்கிற ஊருணியின் காய்ந்த வண்டல் நல்லது. வீட்டுக் கொல்லை மண்ணும் ஆகும். சாணியோ, மண்புழு உரமோ கலக்கலாமா என்று கேட்பீர்கள். கலக்கக் கூடாது. தொட்டிக்குள் அது அழுகி அம்மோனியாவைக் கொட்டும். வயலுக்கு நல்லது எல்லாம் தொட்டிக்கு நல்லதில்லை.

மண்ணைச் சல்லடையில் சலித்து, ஒரு வாளியில் ஊற வைத்து, மேலே மிதக்கிற வேர், சருகு எல்லாவற்றையும் தண்ணீரோடு சாய்த்துவிடுங்கள். மூணு நாலு தடவை இப்படிச் செய்துவிட்டு, சேறு பதத்தில் தொட்டியின் அடியில் 1 அங்குலம் பரப்புங்கள். அதன் மேல் 1 அங்குலத்துக்குக் கழுவிய மணல் அல்லது பொடிச் சரளை. அரிசி களைவது மாதிரி, தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். கடல் மணல் வேண்டாம், அதில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். அழகுக்குக் கல் வைக்க ஆசைப்பட்டால், அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். தொட்டியில் வேண்டாம். கருங்கல் தாராளமாக வைக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் நம்ம உறுப்பினர்களுக்கு வருகிற முதல் சந்தேகம், "எங்க ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி, குடத்தில் வெள்ளை வெள்ளையா படியுது, அதில் மீன் வாழுமா?" என்பதுதான். அந்தக் கடினத் தண்ணீர் கப்பி, மோலி, பிளாட்டி மீன்களுக்குப் பிடித்த தண்ணீர். அதற்குத் தகுந்த செடியும் உண்டு. ஆனால் வாய் வைத்தால் கரிக்கிற அளவு உப்பு என்றால் வேண்டாம். கேன் தண்ணீரில் தாது உப்பு குறைவாகத்தான் இருக்கும், அதை மட்டும் ஊற்றி வளர்க்க வேண்டாம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். அதிலுள்ள குளோரின் மீனையும் கொல்லும், நல்ல கிருமியையும் கொல்லும். வாய் அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும்.

எந்தச் செடி?

காசு செலவழிக்க வேண்டிய இடம் என்று நாம் நினைக்கிற இந்த இடத்தில்தான் செலவே குறைவு.

கண்மாயில் இறங்கினால் காலைச் சுற்றிக்கொள்கிற நீளக் கொடி இருக்கிறதே, நாம் பொதுவாகப் பாசி என்று சொல்வது, அதில் ஒன்று ஹைட்ரில்லா. கடையில் ஒரு கொத்துக்குக் காசு வாங்குவார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்வதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. நடக்கூட வேண்டாம், மிதக்க விட்டாலும் வளரும். புல் மாதிரி நாடா நாடாவாக நிற்பது வலிஸ்னேரியா. அதுவும் நம்ம நீர்நிலைகளில் உள்ளதுதான். ஒரு செடி நட்டால் மண்ணுக்குள் ஓடி ஓடி, அருகம்புல் மாதிரி பக்கத்தில் குட்டி போடும். இரண்டுமே கடினத் தண்ணீரில் நன்றாக வரும்.

வாய்க்கால் வரப்பில் ஈரத்தில் படர்ந்து, சின்னச் சின்னத் தடித்த இலையும் வெளிர்நீலப் பூவுமாக இருக்குமே நீர்ப்பிரமி, மருந்துக்குப் பறிப்போமே, அது வெளிநாட்டு மீன் தொட்டிகளில் 'பக்கோபா' என்ற பெயரில் மரியாதையாக வளர்கிற செடி. அதைக் கிள்ளி நட்டால் தண்ணீருக்குள்ளேயே நிமிர்ந்து வளரும். கொட்டிக்கிழங்கும் அப்படித்தான். பஞ்ச காலத்தில் தோண்டி அவித்துத் தின்றதாகப் பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்தக் கொட்டி இனத்துக் கிழங்குகளைத்தான் பெரிய ஊர்க் கடைகளில் 'அப்போனோஜெட்டன்' என்று விலை சொல்லி விற்கிறார்கள். பாதிக் கிழங்கு மணலுக்குள்ளும் பாதி வெளியிலுமாக அழுத்தி வைத்தால் அலை அலையான இலை விடும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் வெளிச்சம் குறைந்தாலும் சாகாது. இவற்றின் தண்டை மணலுக்குள் புதைத்துவிடக் கூடாது, அழுகிவிடும். கல்லில் நூல் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். சில கடைகளில் தரையில் வளர்கிற செடியைத் தண்ணீரில் அமுக்கி வைத்து, தண்ணீர்ச் செடி என்று விற்கிறார்கள். லக்கி மூங்கில், சிவப்புப் பொன்னாங்கண்ணி, குரோட்டன்ஸ் மாதிரி இருக்கிற வரி வரியான இலைச் செடிகள் எல்லாம் இப்படி வரும். இரண்டு மூணு வாரம் பசுமையாக நிற்கும், பிறகு அழுகி, தொட்டியையும் கெடுக்கும். இலையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். துவண்டு தொங்கினால் பெரும்பாலும் தண்ணீர்ச் செடி. விறைப்பாக நிமிர்ந்து நின்றால் சந்தேகப்பட வேண்டும். அனுபியாஸ், நீர்ப்பிரமி மாதிரி சில நல்ல செடிகளும் விறைப்பாக நிற்கும் என்பதால் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்மாயிலிருந்து எடுக்கிற செடியில் அட்டை, நத்தை முட்டை, தும்பிப் புழு எல்லாம் ஒட்டி வரும். தும்பிப் புழு மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும். செடியை நன்றாக அலசி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் லேசான ரோஸ் நிறம் வரும் அளவுக்குக் கரைத்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். நிறம் அடர்த்தியானால் செடியே வெந்துவிடும். காட்டு ஓடைகளில், வனத்துறை இடங்களில் போய்ச் செடி பறிக்க வேண்டாம். நமக்குக் கண்மாயே போதும்.

நடுவதும் காத்திருப்பதும்

மணல் பரப்பிய தொட்டியில் முதலில் மணல் நனைந்து அரை அங்குலம் நிற்கிற அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். உயரமாக வளர்கிற வலிஸ்னேரியா பின்னால், நீர்ப்பிரமி பக்கத்தில், கல்லில் கட்டிய செடி முன்னால். நாற்று நடுகிற கைக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை. வேரும் இலையும் சேர்கிற கழுத்தை மட்டும் மணலுக்குள் மூடிவிடாதீர்கள். முதல் நாளே நிறைய நட வேண்டும். தரையில் பாதிக்கு மேல் செடி தெரிய வேண்டும். இரண்டு செடி வைத்துவிட்டு வளரும் வளரும் என்று காத்திருந்தால் பாசிதான் முந்திக்கொள்ளும்.

பிறகு மணல் மேல் ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் அடி மண் கிளம்பிக் குட்டையாகிவிடும். மேலே ஒன்றரை அங்குலம் இடம் விடுங்கள்.

இனி நாலு வாரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. முதல் வாரம் தண்ணீர் பால் கலந்தது போல் மங்கும். கிருமி பெருகுகிற அடையாளம் அது, தானாகத் தெளியும். இரண்டாம் வாரம் பழைய இலைகள் பழுத்துக் கரையும். "செடி செத்துப் போச்சு" என்று பிடுங்கிவிடாதீர்கள். இடம் மாறிய செடி பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை விடும். அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுங்கள். கண்ணாடியில் பழுப்பாகத் தூள் படியும், துணியால் துடைத்தால் போதும். மண்ணிலிருந்தும் கழிவு இறங்கும் காலம் இது என்பதால், வாரம் இரண்டு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

தயிருக்கு உறை ஊற்றுவது போல இதற்கும் ஒரு வழி உண்டு. யார் வீட்டிலாவது பல மாதமாக நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால், அதிலிருந்து ஒரு கைப்பிடி மணலோ, பில்டர் பஞ்சில் ஒரு துண்டோ ஈரம் காயாமல் வாங்கி வந்து நம்ம தொட்டியில் போடுங்கள். நல்ல கிருமிகள் அதில் ஒட்டி வந்துவிடும். அந்தத் தொட்டி மீனுக்குச் சீக்கு ஏதும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது மீன் விடலாம்? செடிகள் புது இலை விட்டு, கண் முன்னால் வளர்வது தெரிய வேண்டும். தண்ணீர் தெளிந்து, கெட்ட வாடை இல்லாமல் இருக்க வேண்டும். கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் பார்க்கிற சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது. இரண்டும் பூஜ்ஜியம் காட்டினால் தைரியமாக விடலாம். வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை, குழுவுக்கு ஒன்று இருந்தால் பல வீடுகளுக்குப் போதும்.

வெளிச்சத்துக்கு 2 அடி நீள எல்இடி விளக்கு, 10 வாட் அளவில் ஒன்று போதும். ஒரு நாளைக்கு 7 அல்லது 8 மணி நேரம். ராத்திரி முழுக்க எரிய விட்டால் செடிக்கு லாபமில்லை, பாசிக்குத்தான் கொண்டாட்டம். சிறிய ஏர் பம்ப் ஒன்றில் பஞ்சு பில்டர் மாட்டினால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். 10 வாட் விளக்கு 8 மணி நேரமும், 3 வாட் பம்ப் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 5 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். செடி நிறைய, மீன் கொஞ்சம் என்றிருக்கிற தொட்டி சில மணி நேரம் தாங்கும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கும். பிளக்குக்குப் போகிற வயர் ஒரு வளைவு கீழே தொங்கிப் பிறகு மேலேறுகிற மாதிரி இருக்கட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு நாள்கூட இதில் அலட்சியம் வேண்டாம்.

எந்த மீன், எத்தனை?

40 லிட்டரில் முதல் முறை ஐந்து, ஆறு கப்பி போதும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள். ஆண் அதிகமானால் பெண் மீனைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். கப்பி கொசுப் புழுவைத் தின்னும், அதனால்தான் கொசு ஒழிப்புக்காகக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் சுகாதாரத் துறையினர் விடுகிறார்கள். பிளாட்டி, மோலியும் நல்லதுதான். கப்பியோடு சேர்த்து இவற்றையும் விடுவதானால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோல்டு ஃபிஷ் பார்க்க அழகு. ஆனால் செடியைப் பிடுங்கும், தின்னும், கழிவும் அதிகம், வளர்ந்தால் இந்தத் தொட்டி போதாது. "தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று கறுப்பாக ஒரு மீன் கொடுப்பார்கள், சக்கர் மீன் என்று பெயர். விரல் நீளத்தில் வாங்குவோம், ஒரு அடிக்கு மேல் வளரும். இரண்டுமே வேண்டாம்.

மீன் வாங்கி வந்த பாலிதீன் பையைக் கட்டோடு 15, 20 நிமிடம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பிறகு வாயைத் திறந்து, தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் ஒரு டம்ளராகச் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. நமக்குச் சோறு போட்டே பழக்கம், யார் வந்து நின்றாலும் "இன்னும் கொஞ்சம்" என்போம். மீனுக்கு அது ஆகாது. கோயில் தெப்பக்குளத்தில் பொரி போடுகிற மாதிரி இங்கே பொரி, சோறு, பிஸ்கட் போடக் கூடாது. வீட்டில் நாலு பேரும் ஆளுக்கு ஒரு தடவை போட்டுவிடுவார்கள், அதனால் ஒருவர் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஊருக்குப் போனால் மீன் பட்டினியில் சாகாது. "பாவம்" என்று பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால்தான் ஆபத்து. வாளியில் தானாக வந்த கொசுப் புழுவை டீ வடிகட்டியில் வடித்துப் போடலாம். அதற்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்துக் கொசு வளர்க்க வேண்டாம், டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

வாரம் ஒரு தடவை 10 லிட்டர் எடுத்துவிட்டு, ஒரு நாள் வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் தக்காளிக்கும் ஊற்றினால் வித்தியாசம் தெரியும். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பிழியுங்கள். தொட்டியை முழுக்கக் காலி செய்து சோப்புப் போட்டுத் தேய்ப்பது நம்ம வழக்கம். அப்படிச் செய்தால் சேர்த்த கிருமி எல்லாம் போய், மறுபடி முதல் நாள் கதைதான். மீனுக்குச் சீக்கு வந்தால் கல் உப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள், செடி கெடும். அந்த மீனை வேறு பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள்.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் கவனியுங்கள். வெளிச்சத்தில் பிராணவாயு விடுகிற செடி, ராத்திரியில் நம்மைப் போல அதைச் சுவாசிக்கும். மீன் கூடிவிட்டது என்று அர்த்தம். பம்பை ராத்திரியில் நிறுத்தாதீர்கள், மீனைக் குறையுங்கள்.

இதில் வருமானம் உண்டா?

கூட்டத்தில் யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். உண்டு, ஆனால் ஒரு தொட்டியில் இல்லை.

கப்பி முட்டை இடாது, குஞ்சு போடும். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது என்று போடும். தாயே தின்றுவிடும் என்பதால் ஹைட்ரில்லா அடர்த்தியாக இருந்தால்தான் மிஞ்சும். ஆறு மாதத்தில் செடியும் மீனும் வீட்டுக்கு அதிகமாகிவிடும். அதைப் பிளாஸ்டிக் டப்பிலும் சிமெண்ட் தொட்டியிலும் பெருக்கிக் கடைக்குக் கொடுப்பதுதான் தொழில். தமிழ்நாட்டில் சென்னை கொளத்தூர் வண்ண மீனுக்குப் பேர் போன இடம். அங்கிருந்து மொத்தமாக வருகிற விலையோடு நாம் போட்டி போட வேண்டியிருக்கும். ஆகவே டப் வாங்கும் முன் பக்கத்து டவுனில் இரண்டு மூன்று கடைகளில் போய், என்ன மீன், என்ன செடி, மாதம் எவ்வளவு, என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். கப்பியைவிடச் செடிக்குச் சுலபமாக இடம் கிடைக்கும் என்பது என் கருத்து. பல கடைகளில் நல்ல தண்ணீர்ச் செடி இருப்பதில்லை.

2020-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பெண்களுக்கு 60 சதவீத மானியம் வைத்திருந்தார்கள். மீதி 1 லட்சத்து 20 ஆயிரம் நம் கையிலிருந்தோ வங்கிக் கடனிலோதான் வர வேண்டும். இப்போது என்ன திட்டம் நடக்கிறது, மானியம் முன்னால் வருமா, வேலை முடிந்த பிறகா என்பதை மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். நாகப்பட்டினத்தில் உள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும், சில வேளாண் அறிவியல் நிலையங்களும் வண்ண மீன் பயிற்சி கொடுக்கின்றன.

"நாங்களே குஞ்சு தர்றோம், நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம், பணத்தை மட்டும் முன்னாடி கட்டுங்க" என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஈமு கோழி வளர்ப்பில் இதே பேச்சை நம்பிப் பணம் கட்டியவர்கள் 2012-ல் கொங்கு மாவட்டங்களில் பட்ட பாடு நமக்குத் தெரியும். என்னைக் கேட்டால், முதல் தொட்டிக்குக் குழுக் கடனே கேட்க வேண்டாம். சிறுகச் சேர்த்து வாங்குங்கள். ஆறு மாதம் அந்தத் தொட்டியில் மீன் சாகாமல் ஓட்டியவருக்குத்தான் வண்ண மீன் தொழிலுக்கு உள்கடன் என்று குழுவில் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டால் குழுப் பணமும் தப்பும், அந்தக் குடும்பமும் தப்பும்.

மிஞ்சியதைக் கண்மாயில் விடாதீர்கள்

செடி வெட்டுவோம், மீன் அதிகமாகும், பிள்ளைகளுக்கு அலுத்தும் போகும். "உயிராச்சே" என்று குளத்தில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று நினைப்போம். ஆகாயத்தாமரை இந்த நாட்டுச் செடி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவந்ததுதான் இன்று கண்மாயை மூடிக் கிடக்கிறது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து வெளியே போன சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழிக்கிறது. கறிக்கும் விலை போவதில்லை. குளத்துக் குத்தகையை நம்பியிருக்கிற குழுக்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கின்றன.

கடையில் வாங்கிய செடியின் வெட்டிய துண்டுகளை வெயிலில் நன்றாகக் காய வைத்து எருக்குழியில் போடுங்கள். அதிகமான மீனை இன்னொரு உறுப்பினர் வீட்டுக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், சிலர் தீனிக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.

தொட்டி வைக்க நினைப்பவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஊர்ப் பெயர் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தச் செடி, எந்த மீன் அதற்குத் தோதுப்படும் என்று அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஏற்கெனவே வலிஸ்னேரியா வைத்திருப்பவர்கள் ஈரத் துணியில் சுற்றி நாலு கன்று எடுத்து வந்தால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கடைச் செலவு மிச்சம்.